சவுக்கு நிழலில் வளர்ந்த புல்

மணவாள நகர்ப் பூங்காவில் காலையில் என்னோடு நடக்க வருகிற சிநேகிதிகளே, உங்களுக்கு என்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு, எனக்குத் தெரியும். நடந்து முடித்ததும் நீங்கள் எல்லோரும் மரத்தடிப் புல்லில் அப்பாடா என்று காலை நீட்டி உட்கார்ந்துவிடுவீர்கள். சர்க்கரை எவ்வளவு, மருமகள் என்ன சொன்னாள் என்று பேச்சு களைகட்டும். நான் மட்டும் வெயிலில் காய்கிற சிமெண்டு பெஞ்சில் போய் உட்காருவேன். பெரிய மகாராணி, புடவை அழுக்காகிவிடும் பார் என்று கேலி செய்கிறீர்கள். புடவையாவது ஒன்றாவது! மரத்து நிழலில் பச்சைப்பசேல் என்று புல்லைப் பார்த்தால் எனக்கு அதில் கால் வைக்கத் தோன்றாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அதற்கப்புறம் கேலி செய்வதென்றால் செய்துகொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே ரயில் பாதையைத் தாண்டினால் அப்போது ஃபாக்டரிகள் கிடையாது, சவுக்குத் தோப்புதான். மணல் தரை. எந்த மாதம் போனாலும் மரம் பச்சையாக நிற்கும், எந்த மாதம் போனாலும் ஊசி ஊசியாகச் சருகு கொட்டிக்கொண்டே இருக்கும். காற்று அடித்தால் தோப்பு முழுக்க ஹோவென்று இரையும். மழை வருகிறது என்று வாசலில் காய்வதை எடுக்க ஓடுவேன், வானம் சுத்தமாக இருக்கும்.

அந்தத் தோப்பில் எங்கள் நைனா, அதாவது அப்பா, வேலை செய்தார். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, கழி வெட்டுவது, காவல் எல்லாம் அவர்தான். தோப்பு ஓரத்தில் ஓலைக் குடிசை. நைனா, அம்மா, நான், அத்தை. அத்தை நைனாவுக்கு அக்கா. கல்யாணமான சுருக்கில் புருஷன் செத்துப்போய், பிள்ளை குட்டி இல்லாமல், ஒரு செவலைப் பசுவை ஓட்டிக்கொண்டு எங்களிடம் வந்தவள். அந்தப் பசுதான் அவளுக்குச் சொத்து. ரயில்வே கேட் டீக்கடைக்குப் பால் ஊற்றுவாள்.

சவுக்கு மரத்தடியில் ஒன்றும் முளைக்காது. அந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். சருகு மெத்தை மாதிரி கிடக்கும், அதில் நடந்தால் கால் வழுக்கும். பெண்களுக்கு அதுதான் அடுப்பு எரிக்க. ஒரு வீட்டுக்கு இத்தனை வரிசை மரம் என்று பேசி வைத்திருந்தார்கள். விடிந்ததும் அவரவர் வரிசையைக் கூட்டி அள்ளிக்கொண்டு போவார்கள். இன்னொருத்தி வரிசையில் விளக்குமாறு வைத்தால் சண்டை ஊரைக் கூட்டும். அந்தச் சருகு பற்றும்போது படபடவென்று சத்தம் வரும், ஒரு காரமான வாசனை வரும். கேஸ் அடுப்பு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது, என் மூக்கில் அந்த வாசனை இன்னும் இருக்கிறது.

தோப்புக்காரர் ஒருநாள் நிலத்தை விற்றுவிட்டார். மெட்ராஸிலிருந்து ஆட்கள் வந்து முக்கால்வாசி மரத்தை வெட்டி ஃபாக்டரி கட்ட ஆரம்பித்தார்கள். ஆபீஸ் கட்டடத்தைச் சுற்றி மட்டும், குளுகுளுவென்று இருக்கட்டும் என்று மரங்களை விட்டுவைத்தார்கள். நைனாவுக்கு வேலை போயிற்று. அம்மா அப்போது நிறைமாசம். நாலு வாய்க்கு டீக்கடைப் பால் எந்த மூலைக்கு?

மேனேஜர் என்று ஒருவர் வந்திருந்தார். கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நைனாவைத் தோளில் தட்டிப் பேசுவார். ஆனால் மனசுக்குள் ஒரு படம் வைத்திருந்தார். ஆபீஸைச் சுற்றி மரம், மரத்தடியில் புல்தரை, அதில் நாற்காலி போட்டுப் பெரிய மனுஷர்கள் உட்கார வேண்டும். தை மாதம் திறப்பு விழா.

"அதுக்குள்ள இந்த மரத்தடியில புல்லு நிக்கணும்ப்பா. நின்னுச்சுன்னா உன்னை பெர்மனென்ட் பண்றது என் பொறுப்பு" என்றார்.

பெர்மனென்ட்! அந்த வார்த்தையை நைனா வீட்டில் வந்து சொன்னபோது வாய் கொள்ளாமல் சொன்னார். மாதம் பிறந்தால் சம்பளம், யூனிஃபார்ம், வயசான பிறகு பென்ஷன். எங்கள் வம்சத்தில் யாரும் காணாதது. சவுக்கடியில் புல்லா என்று அத்தை சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டே, "எப்டியாவது வளத்துடு நைனா" என்றாள். அம்மா அவரை நைனா என்றே கூப்பிடுவாள், என்னைப் பார்த்து வந்த பழக்கம்.

ஆரம்பாக்கம் பக்கத்து வயல் வரப்புகளில் இருந்து அருகம்புல்லைக் கூடை கூடையாகப் பெயர்த்துக்கொண்டு வந்தார். தாழ்ந்த கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட்டார். வண்டல் மண்ணும் எருவும் பரப்பி, விரல் நுழைகிற இடைவெளியில் நட்டார். முதலில் செய்த காரியம், பெண்களை உள்ளே விடாமல் முள்வேலி கட்டியது. சருகு கூட்டும்போது விளக்குமாறு புல்லைப் பிய்த்துவிடும் என்றார். தினமும் அவரே ஒவ்வொரு ஊசியாகக் கையால் பொறுக்கினார். வேலிக்கு வெளியே நின்று பெண்கள் ஏசினார்கள். எங்க அடுப்ப அணைச்சிட்டு நீ பச்ச புல்லு வளக்கிறியா, எங்க வயித்தெரிச்சல் உன்ன சும்மா வுடாது என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆடியில் தம்பி பிறந்தான். நல்ல கொழுகொழு குழந்தை, தலை நிறைய முடி. பிரசவத்துக்குப் பிறகு அம்மா ஜுரத்தில் விழுந்து எழுந்தாள், பால் வற்றிவிட்டது. எழுந்ததும் ஃபாக்டரி கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய்விட்டாள், வேறு வழியில்லை. குழந்தை அத்தை மடிக்கு வந்தான். செவலைப் பால்தான் அவனுக்கு. பாதி பால், பாதி தண்ணீர். சுகாதார நர்ஸம்மா வந்து, தண்ணியக் கொதிக்க வெச்சுதான் குடுக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஒரு கொதி வந்தால் நாம் இறக்கிவிடுவோம் இல்லையா, அவள் இறக்கமாட்டாள். அடுப்பு முன்னால் குந்தி, சொம்புத் தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். பிள்ளை பெறாதவள் கையில் பிள்ளை கிடைத்தால் எப்படி வைத்துக்கொள்வாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா வேலை முடிந்து வந்து தூக்கினால் அவன் அழுவான். அத்தையிடம் போனால்தான் அடங்குவான். அம்மாவுக்கு முகம் சுருங்கும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

புல் மட்டும் தேறவில்லை. வேர் பிடித்தது, ஆனால் வெளிறி, சோகை பிடித்தமாதிரி நின்றது. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போவார். அந்த ஒன்றும் சொல்லாததுதான் நைனாவைக் கொன்றது. பிறகு அவரே எங்கிருந்தோ யூரியா மூட்டைகளை வரவழைத்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் அதை உப்பு என்பார்கள். வெள்ளை வெளேரென்று, ஜவ்வரிசி மாதிரி.

நைனா ஒரு கணக்குப் போட்டார். நெல்லுக்கு ஒரு பங்கு என்றால், மரத்தோடு போட்டி போடுகிற புல்லுக்கு இரண்டு பங்கு வேண்டும். நிழலில் இருக்கிற புல்லுக்குப் பசி அதிகம் என்று அத்தையிடம் சொன்னார். சாப்பாடு பற்றாமல் வளர்ந்தவர்கள் எல்லோரும் போடுகிற கணக்குதான் அது. வெளுத்துப்போன எதைப் பார்த்தாலும் அவர்களுக்குப் பசி என்றுதான் தோன்றும். போட்டார், தண்ணீர் விட்டார், திரும்பப் போட்டார்.

முதல் தடவை தண்ணீர் விட்ட மறுநாள் காலை மண்புழுக்கள் மேலே வந்து செத்துக் கிடந்தன. கொத்துக் கொத்தாக, வெளுத்துப்போய். காக்கா வந்து உட்கார்ந்தது, பார்த்தது, ஒன்றைக்கூடக் கொத்தாமல் பறந்துவிட்டது. நைனா அவற்றைக் கூட்டிப் புதைத்தார், அதுவும் எரு என்று. மூக்கில் ஏறுகிற ஒரு மூத்திர வாடை கொஞ்ச நாள் தோப்பில் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்புறம் புல் வந்தது பாருங்கள்! பச்சை இல்லை, கருப்பு. அவ்வளவு கரும்பச்சை. அடர்ந்து, கொழுத்து, மரத்தடி முழுக்கப் பொதபொதவென்று. வெட்டின இடத்தில் நாலு நாளில் திரும்ப நின்றது. வேலி ஓரம் ஏசின பெண்களே வாயில் கை வைத்துப் பார்த்தார்கள். மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்தார். நைனா அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நடந்தபோது உள்ளங்கால் சில்லென்று இருந்தது. ஏனோ பிடிக்கவில்லை, ஓடி வந்துவிட்டேன்.

தோப்பு ஓரத்தில் செங்கல் உறை போட்ட கிணறு ஒன்று உண்டு. மணல் பூமி ஆகையால் குனிந்து மொண்டால் தண்ணீர் வரும், கல்கண்டு மாதிரி இருக்கும். நாங்கள் குடிப்பதும் சமைப்பதும் அதில்தான். ஐப்பசி மழை பிடித்தது. வெயில் என்ற பேச்சே இல்லாமல் வானம் இருட்டிக்கொண்டு கிடந்தது. புல்தரையில் விழுந்த மழை எல்லாம் மணலில் இறங்கிக் கிணற்றுப் பக்கம்தான் போயிற்று. அதை அப்போது யார் நினைத்துப் பார்த்தோம்?

மழையில் மேய்ச்சலுக்கு ஓட்ட முடியவில்லை. வெட்டின புல்லை நைனா கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து செவலை முன்னால் போட்டார். அக்கா, உன் பசுவுக்குக் கல்யாண விருந்து என்றார். அது ஆவலாகத்தான் தின்றது. கொஞ்ச நேரத்தில் கால் பின்னியது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிற்று, ஈறெல்லாம் நீலம் பாரித்தது. அத்தை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். மாடு அப்படியே அவள்மேல் சாய்ந்து விழுந்தது. நைனாவும் அம்மாவும் சேர்ந்து அவளை வெளியே இழுத்தார்கள். பாம்பு என்று தீர்ப்பாயிற்று. மழைக்காலம், தோப்பு, வேறு என்ன இருக்கும்? தோல் உரிக்க வந்தவர் மட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "இன்னா இது, ரத்தம் காப்பி டிகாஷனாட்டம் கீது" என்றார். ரத்தம் சிவப்பாக இல்லை. நானும் பார்த்தேன். அப்படிப்பட்ட பாம்பு எது என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

விஷயம் மேனேஜர் வீட்டு அம்மா காதுக்குப் போய், பாவம், குழந்தைக்கு என்று பால்பவுடர் டின் ஒன்று கொடுத்தனுப்பினார். நீல நிற டின், மூடியைத் திறந்தால் உள்ளே தகரத் தாள், ஒரு குட்டிக் கரண்டி. அவ்வளவு அழகான பொருள் எங்கள் வீட்டில் அதுவரை இருந்ததில்லை. இனிமேல் பாதி பால் பாதி தண்ணீர் இல்லை. கரண்டிப் பவுடர், மற்றது முழுக்கத் தண்ணீர். அத்தை முன்னைவிடக் கவனமாகக் கொதிக்க வைத்தாள்.

கார்த்திகையில் தம்பியின் உதடு ஒரு மாதிரி ஆயிற்று. நாவல்பழம் தின்ற வாய்போல. நகமும் அப்படி. குளிர் என்று அம்மா சொன்னாள். அத்தை அவனைக் கம்பளியில் சுற்றி அடுப்புப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். அவன் அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். தண்ணீரில்தான் கிருமி இருக்கிறதோ என்று அத்தை பயந்து, சொம்பு கால்வாசியாகும்வரை சுண்ட வைத்துக் கொடுத்தாள். வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். சருகுக்காரிகளின் வயிற்றெரிச்சல் என்று பேச்சு வந்தது. நைனா தலையைக் குனிந்துகொண்டு புல்லுக்குப் போனார். விழாவுக்கு நாள் கிட்டே வந்துவிட்டது.

ஒரு காலையில் அவன் முகமே சாம்பல் நீலமாகிவிட்டது. மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் தூக்கிக்கொண்டு போனார்கள், நானும் போனேன். அத்தை மடியில் குழந்தை. ஜன்னல் ஓரம் காற்று படட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். மீஞ்சூர் தாண்டியதும் அவள் குனிந்து அவன் மார்பில் காது வைத்தாள். எடுக்கவே இல்லை. அம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்த மதியம், அம்மா ஈரத்தலையோடு வாசலில் நின்றாள். அவள் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் அதட்டவில்லை.

"உங்க கை பட்டதெல்லாம் இன்னா ஆச்சுன்னு பாருங்க அண்ணி. புருஷன், மாடு, இப்ப எம்புள்ள. இந்த ஊட்ட வுட்டுப் போயிடுங்க."

அத்தை நைனாவைப் பார்த்தாள். நைனா தரையைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"நா கொதிக்க வெச்சுதானே குடுத்தேன்" என்றாள் அத்தை. துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு, பொதட்டூர்பேட்டையில் இருந்த தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். செவலையின் கழுத்துக்கயிறு மட்டும் கட்டுத்தறியில் தொங்கியது.

திறப்பு விழா ஜோராக நடந்தது. பெரிய மனுஷர்கள் மரத்தடிப் புல்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சவுக்கடியில் இவ்வளவு புல்லா என்று ஒருவர் ஆச்சரியப்பட, மேனேஜர் நைனாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். நைனா பெர்மனென்ட் ஆனார். அன்று சாயங்காலம் ஒரு கூடைப் புல்லை வேர்மண்ணோடு பெயர்த்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். தம்பியைப் புதைத்த மணல்மேட்டில் அதைப் பதித்துக் கையால் அழுத்தினார். பிறகு மடியிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்துத் தூவினார். பிள்ளைக்கு அவர் கொடுக்க நினைத்தது அதுதான். அங்கேயும் புல் கருப்பாகத்தான் வளர்ந்தது.

பால்பவுடர் டின் எங்கள் வீட்டில் பருப்பு டின்னாகி, துருப்பிடித்து ஓட்டை விழும்வரை இருந்தது. மழையெல்லாம் ஓய்ந்து ஃபாக்டரிக் குழாய்த் தண்ணீர் வந்ததும் கிணற்றை மூடிவிட்டார்கள். நைனா ரிட்டையராகும்வரை அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டார். அம்மா ஒருநாளும் அத்தை பேச்சை எடுக்கவில்லை. நைனாவும் அம்மாவும் ஒருவர்பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்கும் பிறகுதான் எனக்கு விளங்கியது. நானும் கொஞ்சகாலம் மாடு வைத்திருந்தேன், தெரியுமே உங்களுக்கு. ஒரு மழை நாளில் அது கால் பின்னி நின்றபோது மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தேன். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, நிழலில் வளர்ந்த, யூரியா அதிகம் போட்ட புல்லா என்பது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊசி போட்டு மாட்டைக் காப்பாற்றிவிட்டார். காப்பி நிற ரத்தத்தைப் பற்றிக் கேட்டேன். யூரியாவால் புல்லில் ஏறுகிற விஷம் ரத்தத்தை அப்படித்தான் ஆக்கும் என்றார். மூடாக்கு வானமும் நிழலும் இருந்தால் புல்லில் அது இன்னும் சேருமாம். பச்சைக் குழந்தையின் உதடு நீலமாகுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். மணல் பூமிக் கிணற்றில் அது இறங்கினால் ஆகும், பெரியவர்களை ஒன்றும் செய்யாது, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைத்தான் பிடிக்கும் என்றார். கொதிக்க வைத்தால்?

"கொதிக்க வெச்சா கிருமி சாகும்மா. இது உப்பு மாதிரி. தண்ணிதான் சுண்டும், இது சுண்டாது. கொதிக்கக் கொதிக்க ஜாஸ்திதான் ஆகும்."

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மறுநாளே பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன். அத்தை இருந்தாள். கிழவியாகி, கூன் விழுந்து, சொந்தக்கார வீட்டுப் பின்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த வீட்டு மருமகள் ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். அத்தையிடம் நீட்டினால் கையை முந்தானைக்குள் விட்டுக்கொள்வாள் என்றும், அவள் வந்த நாளிலிருந்து எந்தக் குழந்தையையும் தொட்டதில்லை என்றும் சொன்னாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். பாம்பு இல்லை, கண் இல்லை, வயிற்றெரிச்சல் இல்லை. புல்லுக்குப் போட்ட உப்பு செவலையைக் கொன்றது. அதே உப்பு கிணற்றில் இறங்கித் தம்பியைக் கொன்றது. "உன் கை இல்ல அத்தை. தண்ணிதான்" என்றேன். கடைசியாக டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

கீரைக்காம்பைக் கிள்ளுவதை நிறுத்திவிட்டுக் கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணிதானா கண்ணு? நா கொதிக்க வெச்சேனே. இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க வுட்டிருந்தா புள்ள பொழச்சிருக்குமோ?"

சிநேகிதிகளே, இத்தனை வருஷமும் அவள் அடுப்பு முன்னால்தான் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அவள் கையை முந்தானைக்குள்ளிருந்து வெளியே எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இல்ல அத்தை" என்றேன். "நீ கொதிக்க வெச்சது போதும்."